உள்ளூர்ப் பெயர் வழங்கி: சொந்த இணையதளத்தை உள்ளிருந்தே அடையும் முறை

ஒரு நிறுவனம் தனது இணையதளத்தைத் தன் கட்டடத்திலேயே உள்ள கணிப்பொறியில் அமைத்து நடத்தும்போது விந்தையான இடர்ப்பாடு ஒன்று தோன்றுவதுண்டு. வெளியூரில் இருப்போர் அத்தளத்தைத் தடையின்றித் திறக்கிறார்கள். ஆனால், தளம் இயங்கும் கணிப்பொறிக்கு அடுத்த அறையில் அமர்ந்திருப்பவருக்கு அது திறப்பதில்லை. சில வேளைகளில் தளத்திற்குப் பதிலாக ரூட்டரின் கடவுச்சொல் கேட்கும் பக்கம் திரையில் தோன்றுகிறது. கணிப்பொறி பழுதுற்றதோ, இணைப்பு அறுந்ததோ என்று ஐயுற்றுச் சோதித்தால், இரண்டுமே செம்மையாக இயங்குவது தெரியவரும்.

குறை கருவியில் இல்லை. பெயரையும் முகவரியையும் இணைக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. தளத்தின் பெயர் ஒன்றுதான். ஆயினும் வெளியே இருப்பவர் வரவேண்டிய வழி வேறு, உள்ளே இருப்பவர் செல்ல வேண்டிய வழி வேறு. கேட்பவர் இருக்கும் இடத்திற்கு ஏற்ற முகவரியைத் தருவதே உள்ளூர்ப் பெயர் வழங்கியின் பணியாகும். அதனை அமைக்கும் முறையையும், அமைக்கும்போது நேரக்கூடிய பிழைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இது வசதி பற்றிய சிறு செய்தி மட்டுமன்று. கல்லூரிகளும் நூலகங்களும் பயிற்சி நிலையங்களும் தங்கள் நூற்பட்டியல், பாடக் குறிப்புகள், வருகைப் பதிவுகள் ஆகியவற்றைச் சொந்த வழங்கிக் கணிப்பொறிகளில் வைக்கின்றன. சாலையைத் தோண்டும்போது வெளி இணைப்பின் கம்பி அறுந்தால், தன் வளாகத்திலேயே இருக்கும் ஏட்டை நிறுவனமே திறக்க இயலாத நிலை ஏற்படலாம். அந்த நிலையைத் தவிர்க்க முடியும். அதற்கு ஆகும் செலவும் குறைவு.

பெங்களூருவும் வலையமைப்பும்

இந்தியாவில் கணிப்பொறிகளை வலையமைப்பாக இணைக்கும் பணியில் பெங்களூருவுக்குத் தொடக்கம் முதலே பங்கு உண்டு. மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன், 1986-ஆம் ஆண்டில் எர்நெட் எனப்படும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், தில்லியில் மின்னணுத் துறை என எட்டு நிலையங்கள் அதில் இடம்பெற்றன. இந்தியாவுக்குரிய ‘.இன்’ என்னும் உயர்நிலைக் களப்பெயர் 1989-ஆம் ஆண்டு மே மாதம் வழங்கப்பட்டது. பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது.

ஆகவே, இந்தியாவில் பொதுமக்கள் இணையத்தை அறியும் முன்பே ஆராய்ச்சி நிலையங்கள் சொந்த வழங்கிகளை நடத்திப் பழகியிருந்தன. ஒரு நிறுவனம் தன் கணிப்பொறியைத் தானே நடத்துவது புதிய பழக்கமன்று. மற்றோரின் வழங்கிகளில் இடம் வாடகைக்குப் பெறுவதுதான் பின்னர் பெருகிய வழக்கம். இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் சிறு கணிப்பொறிகள் பழைய முறையை மீண்டும் எளிதாக்கியுள்ளன. பெங்களூருவைச் சேர்ந்த ஜனஸ்து என்னும் தொண்டு நிறுவனம், துமகூரு மாவட்டத்தின் தேவராயனதுர்காப் பகுதியில் சமுதாயத்திற்குச் சொந்தமான கம்பியில்லா வலையமைப்பை உருவாக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது. உள்ளூரில் உருவாகும் ஒலிப்பதிவுகள் முதலியவை உள்ளூரிலேயே கிடைக்க வேண்டும் என்பது இத்தகைய முயற்சிகளின் நோக்கம்.

பெயர் முகவரியாக மாறும் விதம்

இணையத்தில் ஒவ்வொரு கணிப்பொறியும் எண்களால் ஆன முகவரியைக் கொண்டு அறியப்படுகிறது. இது ஐ.பி. முகவரி எனப்படும். மனிதர் நினைவில் கொள்வது எண்களை அன்று, பெயர்களையே. தொடக்கக் காலத்தில் எல்லாப் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஓரிடத்திலிருந்து எல்லா நிலையங்களுக்கும் அனுப்பப்பட்டன. நிலையங்கள் பெருகியபோது இம்முறை தாங்கவில்லை. 1983-ஆம் ஆண்டில் பால் மொகபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். என்னும் களப்பெயர் முறை அதன் இடத்தைப் பிடித்தது. 1987 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 1034, 1035 என்னும் எண்களில் வெளியான ஆவணங்கள் இன்றும் அம்முறைக்கு அடிப்படையாக உள்ளன.

இம்முறையில் எல்லாப் பெயர்களும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு களப்பெயருக்கும் பொறுப்பான பெயர் வழங்கிகள் உள்ளன. ஒருவர் ஒரு தளத்தைத் திறக்க விரும்பும்போது, அவருடைய கணிப்பொறி தனக்குக் குறித்துக் கொடுக்கப்பட்ட பெயர் வழங்கியிடம் முகவரியைக் கேட்கிறது. அவ்வழங்கி வேர் வழங்கியில் தொடங்கிப் படிப்படியாக விசாரித்து விடையைப் பெறுகிறது. பெற்ற விடையைக் குறிப்பிட்ட கால அளவுக்குத் தன்னிடம் சேமித்தும் வைக்கிறது. கணிப்பொறி முதலில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை நிறுவனமே முடிவு செய்யலாம் என்பது இங்குக் கருதத்தக்கது. உள்ளூர் ஏற்பாடு முழுவதும் அந்த உரிமையைச் சார்ந்தே அமைகிறது.

உட்புற முகவரியும் வெளிப்புற முகவரியும்

பழைய வகை ஐ.பி. முகவரிகளின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 430 கோடி. உலகின் தேவைக்கு இது போதாது. எனவே மூன்று எண்தொகுதிகள் நிறுவனங்களின் உட்பயன்பாட்டிற்கென ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்குபவை ஒரு தொகுதி, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை மற்றொன்று, 192.168 என்று தொடங்குபவை மூன்றாவது. 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 இவற்றை வரையறுத்தது. இவற்றை எந்த நிறுவனமும் தன் வளாகத்திற்குள் பயன்படுத்தலாம். வெளி இணையத்தில் இவை செல்லா.

உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான கணிப்பொறிகள் வெளியுலகுடன் பேசும்போது, ரூட்டர் அவற்றின் உட்புற முகவரியை நீக்கி, நிறுவனத்தின் ஒரே வெளிப்புற முகவரியை இடுகிறது. இதற்கு முகவரி மாற்றம் என்று பெயர். வெளியிலிருந்து தளத்தை நாடி வருவோருக்கு இதன் மறுபக்கம் பயன்படுகிறது. வெளிப்புற முகவரியின் 443-ஆம் வாயிலுக்கு வரும் கோரிக்கைகளை உள்ளே உள்ள தள வழங்கிக்கு அனுப்புக என்று ரூட்டரில் விதி எழுதப்படுகிறது.

விளக்கத்திற்காகப் பெங்களூருவில் உள்ள ஒரு கல்லூரியின் நூலகத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். அதன் தளத்தின் பெயர் ‘நூலகம்.எடுத்துக்காட்டு.இந்தியா’. தள வழங்கியின் உட்புற முகவரி 192.168.10.5. கல்லூரியின் வெளிப்புற முகவரி 203.0.113.10, இது பாட விளக்கங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்த எண். பொது இணையத்தில் நூலகத்தின் பெயரைக் கேட்போர் அனைவருக்கும் 203.0.113.10 என்னும் விடையே கிடைக்கிறது.

உள்ளிருந்து கேட்டால் நிகழ்வது

நூலகத்தின் படிப்பறையில் 192.168.10.40 என்னும் முகவரி கொண்ட கணிப்பொறி இருக்கிறது. மாணவர் ஒருவர் அதில் தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்கிறார். பொதுப் பெயர் வழங்கி 203.0.113.10 என்று விடை தருகிறது. கோரிக்கை ரூட்டரை அடைகிறது. இதற்கு மேல் இரண்டில் ஒன்று நிகழலாம்.

முதலாவது, ரூட்டரின் விதி வெளிப்பக்கத்திலிருந்து நுழையும் கோரிக்கைகளுக்கு மட்டுமே பொருந்துமாறு எழுதப்பட்டிருக்கலாம். அப்பொழுது உள்ளிருந்து வரும் கோரிக்கைக்கு விதி பொருந்துவதில்லை. கேட்கப்பட்ட முகவரி ரூட்டருடையதே ஆகையால், அது தன்னையே யாரோ அழைப்பதாகக் கொள்கிறது. கோரிக்கையை மறுக்கிறது, அல்லது தன் நிர்வாகப் பக்கத்தைக் காட்டுகிறது.

இரண்டாவது, விதி உட்பக்கத்திற்கும் பொருந்தக் கோரிக்கை 192.168.10.5-ஐச் சென்றடையலாம். தள வழங்கி, கேட்டவர் 192.168.10.40 என்பதைக் காண்கிறது. இருவரும் ஒரே வலையமைப்பில் இருப்பதால் ரூட்டரின் துணையின்றி நேராகவே விடையை அனுப்பிவிடுகிறது. மாணவரின் கணிப்பொறியோ 203.0.113.10-இடமிருந்து விடையை எதிர்நோக்கி இருக்கிறது. தான் அழைக்காத 192.168.10.5-இடமிருந்து வரும் விடையை அது ஏற்பதில்லை. தளம் திறக்காமல் காத்திருப்பு நேரம் முடிகிறது.

தொலைபேசித் துறையில் இதற்கு ஒப்பான நிலை ஒன்று உண்டு. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் ஊரகப் பகுதிகளுக்கென 128 இணைப்புகள் கொண்ட தானியங்கித் தொலைபேசி நிலையத்தை வடிவமைத்தது. அது 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. ஊரில் ஒருவர் அடுத்த தெருவில் இருப்பவரை அழைக்கும்போது, ஊரில் உள்ள நிலையமே அவ்விருவரையும் இணைத்துவிடுகிறது. அழைப்பு நகரத்திற்குச் சென்று திரும்ப வேண்டுவதில்லை. வலையமைப்பிலும் வேண்டுவது இதுவே.

தீர்வு வழிகள்

முதல் வழி, ஒவ்வொரு கணிப்பொறியிலும் உள்ள ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் கோப்பில் தளத்தின் பெயரையும் உட்புற முகவரியையும் எழுதிவைப்பது. ஒன்றிரண்டு கணிப்பொறிகளுக்கு இது போதும். கணிப்பொறிகள் பெருகினால் ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்த நேரும். கைப்பேசிகளில் பயனர் இக்கோப்பைத் திருத்துவது பொதுவாக இயலாது. மடிக்கணிப்பொறியை வீட்டிற்கு எடுத்துச் சென்றால், அங்கும் அது உட்புற முகவரியையே நாடும். வளாகத்திற்குள் திறந்த தளம் வீட்டில் திறக்காது.

இரண்டாவது வழி, ரூட்டரிலேயே திருப்பி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்வது. கொண்டையூசி வளைவு போலச் சென்று திரும்புவதால் இதனை ஹேர்பின் என்பர். இங்கு ரூட்டர் சேருமிட முகவரியுடன் அனுப்புநர் முகவரியையும் மாற்றிவிடுகிறது. விடை ரூட்டர் வழியாகவே திரும்புவதால் மேலே கூறிய குழப்பம் நீங்குகிறது. ரூட்டர்கள் இதற்கு இடம்தர வேண்டும் என்று 2007-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4787 முதலிய ஆவணங்கள் கூறினாலும், எல்லாக் கருவிகளிலும் இவ்வசதி இருப்பதில்லை. இதில் இரண்டு குறைகளும் உண்டு. அடுத்த அறைக்குச் செல்ல வேண்டிய தரவு முழுவதும் ரூட்டரைச் சுற்றிச் செல்வதால் அதன் சுமை கூடுகிறது. மேலும், தள வழங்கியின் பதிவேட்டில் உள்ளிருந்து வந்த அனைவரும் ரூட்டரின் முகவரியிலேயே காணப்படுவர். யார் எந்தக் கணிப்பொறியிலிருந்து வந்தார் என்பது தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தளத்தின் பெயருக்குரிய விடை இன்னும் வெளியிலிருந்தே வரவேண்டியுள்ளது. வெளி இணைப்பு அறுந்தால் பெயர் முகவரியாக மாறாது. ஹேர்பின் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது வழி, உள்ளூர்ப் பெயர் வழங்கி. உள்ளே இருப்பவர் கேட்கும்போது 192.168.10.5 என்றும், வெளியே இருப்பவர் கேட்கும்போது 203.0.113.10 என்றும் விடை கிடைக்கச் செய்வது. மாணவரின் கணிப்பொறி தள வழங்கியுடன் நேராகப் பேசுகிறது. கைப்பேசி, மடிக்கணிப்பொறி ஆகியவற்றில் எதையும் மாற்ற வேண்டுவதில்லை. அவை வளாகத்தை விட்டு வெளியே சென்றதும், அங்குள்ள பெயர் வழங்கி வெளிப்புற முகவரியைத் தந்துவிடும்.

ஆறாவது பதிப்பு ஐ.பி. முகவரிகள் முழுமையாகப் பயன்பாட்டிற்கு வந்த வளாகங்களில் ஒவ்வொரு வழங்கிக்கும் தனி வெளிப்புற முகவரி அளிக்கலாம். அங்கு முகவரி மாற்றமே தேவைப்படாது. ஆயினும், வெளி இணைப்பு இல்லாதபோதும் பெயருக்கு விடை கிடைக்க வேண்டுமானால், அங்கும் உள்ளூர்ப் பெயர் வழங்கி வேண்டும்.

அமைக்கும் முறை

இப்பணிக்குப் பெரிய கருவி வேண்டுவதில்லை. ராஸ்பெரி பை போன்ற சிறு கணிப்பொறியோ, பழைய மேசைக் கணிப்பொறியோ போதும். பல ரூட்டர்களிலேயே இதற்கான மென்பொருள் அமைந்திருக்கும். மூன்று கட்டற்ற மென்பொருள்கள் பெருவழக்கில் உள்ளன. டி.என்.எஸ்.மாஸ்க் சிறிய வலையமைப்புகளுக்கு ஏற்றது. அன்பௌண்ட், விடைகளைத் தேடித் தருவதிலும் சரிபார்ப்பதிலும் திறமிக்கது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1980-களில் தோன்றிய பைண்ட், பெரிய நிறுவனங்களில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அதன் ஒன்பதாம் பதிப்பில் உள்ள ‘வியூ’ என்னும் வசதி, கேட்பவரின் முகவரியைப் பார்த்து ஒரே வழங்கி இரு வேறு விடைகள் தர வழிசெய்கிறது.

முதற்படி, தள வழங்கிக்கும் பெயர் வழங்கிக்கும் மாறாத உட்புற முகவரிகளை ஒதுக்குதல். எடுத்துக்காட்டில் தள வழங்கிக்கு 192.168.10.5, பெயர் வழங்கிக்கு 192.168.10.2. 

இரண்டாம் படி, பெயர் வழங்கியில் நூலகத்தின் பெயருக்கு எதிரே 192.168.10.5 என்னும் முகவரியைப் பதிதல். இது ‘ஏ’ பதிவு எனப்படும். தமிழ் எழுத்துகளில் அமைந்த களப்பெயராயின் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பெயர் வழங்கிகள் அப்பெயரை ரோமன் எழுத்துக் குறியீடாக மாற்றியே கையாளுகின்றன. ‘எக்ஸ்’, ‘என்’ என்னும் இரு எழுத்துகளும் இரு சிறு கோடுகளுமாகத் தொடங்கும் அவ்வடிவத்தையே பதிவில் எழுதுவது பாதுகாப்பானது.

மூன்றாம் படி, மற்றப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் விடையை வெளியிலிருந்து பெறுமாறு அமைத்தல். இணையச் சேவையாளரின் பெயர் வழங்கியையோ, பொதுப் பெயர் வழங்கி ஒன்றையோ இதற்குக் குறிக்கலாம்; அன்பௌண்ட் போன்றவை வேர் வழங்கிகளிலிருந்து தாமே தேடவும் வல்லவை.

நான்காம் படி, வளாகத்தின் கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் இப்பெயர் வழங்கியையே கேட்குமாறு செய்தல். வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி அளிக்கும் டி.எச்.சி.பி. என்னும் ஏற்பாடு, பெயர் வழங்கியின் முகவரியையும் உடன் அளிக்கிறது. அங்கு 192.168.10.2 என்று குறித்துவிட்டால் போதும். இந்த ஒரே மாற்றம் எல்லாக் கருவிகளையும் சென்றடையும்.

நேரக்கூடிய பிழைகள்

இரண்டாவது பெயர் வழங்கி என்னும் இடத்தில் பொதுப் பெயர் வழங்கி ஒன்றைக் குறிப்பது மிகப் பரவலான பிழை. முதலாவது இயங்காதபோது மட்டுமே இரண்டாவது கேட்கப்படும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் கருவிகள் இரண்டில் எதையும் கேட்கக்கூடும். தளம் ஒரு சமயம் திறக்கும், மறுசமயம் திறக்காது, காரணம் புலப்படாது. மாற்று வேண்டுமானால், அதே பதிவுகளைக் கொண்ட இரண்டாவது உள்ளூர் வழங்கியை, எடுத்துக்காட்டாக 192.168.10.3-இல், அமைக்க வேண்டும்.

அடுத்த பிழை, தேவைக்கு மேற்பட்ட பொறுப்பை உள்ளூர் வழங்கி ஏற்பது. நூலகத்தின் பெயருக்கு மட்டும் விடை தருவதற்குப் பதிலாக, ‘எடுத்துக்காட்டு.இந்தியா’ என்னும் களம் முழுவதற்கும் தானே பொறுப்பு என்று அறிவித்தால், அக்களத்தின் மின்னஞ்சல் முதலிய மற்றப் பெயர்களையும் அதுவே அறிந்திருக்க வேண்டும். அவை பதியப்படாவிடில், அப்படி ஒரு பெயரே இல்லை என்று அது விடை கூறிவிடும். தளத்தைத் திறக்கச் செய்த ஏற்பாடு மின்னஞ்சலை நிறுத்திவிடும். தேவையான பெயரை மட்டும் மாற்றுவதே நன்று.

ஆறாவது பதிப்பு முகவரிக்கு வெளியில் தனிப் பதிவு இருந்தால் அதனையும் கவனிக்க வேண்டும். பழைய வகை முகவரியை மட்டும் உள்ளே மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிட்டால், புதிய வகையை முதலில் நாடும் கருவிகள் பழைய இடர்ப்பாட்டையே சந்திக்கலாம்.

மாற்றம் செய்த பின்னும் சில கருவிகள் பழைய விடையையே சேமித்து வைத்திருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் உரிய ஆயுட்காலத்தை, அமைக்கும் காலத்தில் 300 விநாடி போன்ற சிறிய அளவில் வைத்தால் காத்திருக்கும் நேரம் குறையும்.

உலாவிகள் பற்றியும் எச்சரிக்கை தேவை. பெயர் பற்றிய வினாக்களை மறையாக்கம் செய்து வெளியில் உள்ள வழங்கிக்கு அனுப்பும் முறை 2018 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 8484 ஆக வெளியாயிற்று. இம்முறையில் வெளி வழங்கியை நாடும் உலாவி, உள்ளூர்ப் பெயர் வழங்கியைக் கேட்பதே இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்னும் அமைப்பில் வெளி வழங்கியின் பெயர் இடப்பட்டிருந்தாலும் இதுவே நிகழும். எல்லாக் கருவிகளிலும் தளம் திறந்து ஒன்றில் மட்டும் திறக்காவிடில் முதலில் இதனைச் சோதிக்க வேண்டும்.

உட்பயன்பாட்டிற்கென மனம்போனவாறு புதுப் பெயர்களை உண்டாக்குவதும் தகாது. ‘.லோக்கல்’ என்று முடியும் பெயர்கள் 2013-இல் வேறொரு முறைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. தனியார் பயன்பாட்டிற்கென ‘.இன்டர்னல்’ என்பதை ஐகான் அமைப்பு 2024-இல் ஒதுக்கியது. தளம் வெளியாருக்கும் உரியதாயின், பதிவுபெற்ற சொந்தப் பெயரையே உள்ளும் புறமும் வழங்குவது சிறந்தது. தளத்தின் பாதுகாப்புச் சான்று பெயருக்கே அளிக்கப்படுவதால், முகவரி மாறினாலும் அச்சான்று செல்லும். எண் முகவரியைத் தட்டச்சு செய்து திறப்பவருக்கு எச்சரிக்கை தோன்றும்; பெயரால் திறப்பவருக்குத் தோன்றாது.

உள்ளூர்ப் பெயர் வழங்கி உள்ளே இருப்போருக்கு மட்டுமே விடை தரவேண்டும். உலகில் யார் கேட்டாலும் விடை தருமாறு அதனைத் திறந்துவிட்டால், பிறரைத் தாக்குவோர் அதனைக் கருவியாக்கிக்கொள்வர். சிறு வினாவை அனுப்பிப் பெரு விடையை மற்றொருவர் மீது திருப்பிவிடும் தாக்குதல்கள் இத்தகைய வழங்கிகளைக் கொண்டே நடத்தப்படுகின்றன.

சோதனை

அமைப்பு முடிந்ததும் மூன்று சோதனைகள் செய்தல் வேண்டும். ‘என்.எஸ்.லுக்அப்’ என்னும் கட்டளையால் வளாகத்தின் கணிப்பொறியிலிருந்து பெயரைக் கேட்டால் 192.168.10.5 கிடைக்க வேண்டும். கைப்பேசியின் வைஃபை இணைப்பை நீக்கி, செல்பேசி வலையமைப்பு வழியாகக் கேட்டால் 203.0.113.10 கிடைக்க வேண்டும்.

மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. ஆனால் அதுவே முதன்மையானது. ரூட்டரிலிருந்து வெளி இணைப்பின் கம்பியைச் சிறிது நேரம் எடுத்துவிட்டு, படிப்பறைக் கணிப்பொறியில் நூலகத்தின் தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். மற்றத் தளங்கள் திறவா. நூலகத்தின் தளம் திறக்க வேண்டும். திறக்காவிடில், எழுத்துருவோ சான்றுச் சரிபார்ப்போ வேறு ஏதோ ஒன்றோ வெளியில் உள்ள வழங்கியை இன்னும் சார்ந்திருக்கிறது என்று பொருள். அதனையும் உள்ளே கொணர்ந்தால்தான் பணி நிறைவுறும். மின்தடையின்போதும் சேவை தொடர வேண்டுமாயின், தள வழங்கி, பெயர் வழங்கி, இவற்றை இணைக்கும் சுவிட்ச் ஆகிய மூன்றுக்கும் மாற்று மின்சாரம் இருத்தல் வேண்டும்.

நாட்டளவில் இதே கொள்கை

ஒரு கட்டடத்தில் காணும் இவ்விடர்ப்பாட்டை நாடும் ஒருகாலத்தில் சந்தித்தது. இந்தியாவின் இணையச் சேவையாளர்கள் தங்களுக்குள் நேராக இணைக்கப்படாதிருந்த காலத்தில், ஓர் இந்திய நகரிலிருந்து மற்றோர் இந்திய நகருக்குச் செல்ல வேண்டிய தரவு வெளிநாட்டுக்குச் சென்று திரும்பும் நிலை இருந்தது. தாமதம் ஒருபுறம், வெளிநாட்டு இணைப்புக்கான செலவு மறுபுறம். இதனை நீக்க 2003 ஜூன் மாதம் நிக்சி எனப்படும் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற நிலையம் நிறுவப்பட்டது. அதன் பரிமாற்ற மையங்களுள் ஒன்று பெங்களூருவிலும் உள்ளது. ‘.இன்’ பெயர்களின் பதிவுப் பொறுப்பும் 2005 முதல் நிக்சியிடம் உள்ளது. நாட்டிற்குள் தொடங்கி நாட்டிற்குள் முடியும் தரவு நாட்டை விட்டு வெளியேற வேண்டுவதில்லை என்பதே பரிமாற்ற நிலையத்தின் அடிப்படைக் கொள்கை. கல்லூரியின் உள்ளூர்ப் பெயர் வழங்கி அதே கொள்கையைக் கட்டட அளவில் நிறைவேற்றுகிறது.

நிர்வாகப் பொறுப்பு

இவ்வேற்பாட்டின் தொழில்நுட்பம் எளிது. அதனைத் தொடர்ந்து பேணுவதே அரிது. ஒரு பெயருக்கு இரண்டு இடங்களில் இரண்டு விடைகள் எழுதப்படுகின்றன. தள வழங்கி வேறு கணிப்பொறிக்கு மாற்றப்பட்டால் உள்ளூர்ப் பதிவைத் திருத்த வேண்டும். இணையச் சேவையாளர் மாறினால் வெளிப் பதிவைத் திருத்த வேண்டும். அமைத்தவர் மாறுதலாகிச் சென்றபின், உள்ளே ஒரு பெயர் வழங்கி இருப்பதையே அறியாத ஒருவர் வெளிப் பதிவை மட்டும் திருத்திவிட்டு, மாற்றம் ஏன் பலிக்கவில்லை என்று நாட்கணக்கில் தேடுவது நேரக்கூடியதே.

எனவே, பெயர், உட்புற முகவரி, வெளிப்புற முகவரி, பதிவு இருக்கும் இடம், திருத்திய நாள், திருத்தியவர் ஆகிய ஆறு கட்டங்கள் கொண்ட பதிவேடு ஒன்று ஒவ்வொரு நிறுவனத்திலும் இருத்தல் வேண்டும். அதனைக் காகிதத்திலும் ஒரு படி வைத்திருப்பது நல்லது. வலையமைப்பு இயங்காத நாளில்தான் அது மிகுதியும் தேவைப்படும். பொறுப்பு ஒப்படைக்கும் ஆவணங்களில் இப்பதிவேடும் இடம்பெற வேண்டும். ஆண்டுக்கு இருமுறை வெளி இணைப்பை எடுத்துச் செய்யும் சோதனையை வழக்கமாக்கினால், கம்பி அறுந்த நாளிலும் மாணவர் நூற்பட்டியலைப் பார்க்கலாம். அலுவலர் தம் ஏட்டைத் திறக்கலாம்.